கரண்ட் சிகரெட்டும் கலாவின் நிச்சயதார்த்தமும்

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று பலரும் நம்புகிறார்கள். முப்பத்திரண்டு வயது வரை நானும் நம்பினேன். பொய்யை ஒளித்து வைக்க நாட்குறிப்பைப் போல வசதியான இடம் வேறில்லை என்பது, என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டார் நடுவில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பத்திர எழுத்தர். வீடு திருப்புலிவனத்தில், தொழில் உத்திரமேரூரில், பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் பெஞ்சும். நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது ஊர் பேச்சு. (அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் நான்தான்.) வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஏரிக்கரை என்று எழுதுகிற அதே கண்டிப்போடு தினமும் நாட்குறிப்பும் எழுதுவேன். எழுந்த நேரம், சாப்பிட்டவை, சந்தித்தவர்கள், செய்தவை, மறந்தவை. மறந்தவைக்கென்று தனிப் பத்தி வைத்திருந்தேன். எனக்கு ஏன் அதுவரை பெண் அமையவில்லை என்பது இப்போது புரிகிறது.

அந்த நாட்குறிப்பில் ஏறாத ஒரே விஷயம் சிகரெட். நைனா எதிரில் வெற்றிலைகூடப் போடாத பிள்ளை என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நாளைக்கு ஏழு சிகரெட் பிடித்துக்கொண்டே காப்பாற்றி வந்தேன்.

2009-இல் தங்கை கலாவுக்கு மானாம்பதியிலிருந்து வரன் வந்தது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் வாயில் நாற்றத்தோடு நிற்கக்கூடாது என்று சிகரெட்டை விட முடிவு செய்தேன். பஜாரில் வாட்ச் கடை வைத்திருந்த சலீம் பாயிடம் யோசனை கேட்டேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து பேனா போல ஒரு குழாயை எடுத்து வைத்தார்.

"ரைட்டரே, எங்க அண்ணன் துபாய்லேந்து கொண்டாந்தது. இது பொகை இல்லை, வெறும் ஆவி. இட்லி குண்டான்ல வருதே, அதுதான். அண்ணன் ரெண்டு வருஷமா இதைத்தான் வச்சிக்கினுகீறாரு. ஒண்ணும் பேஜாரில்லை."

கூடவே ஒரு சார்ஜரும் மூன்று சின்னப் பாட்டில்களும் இருந்தன. ஒன்று புகையிலை வாசனை, ஒன்று புதினா, ஒன்று லவங்கப்பட்டை. லேபிள் படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. படித்தேன். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோடின், வாசனைப் பொருள்கள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளில் இளைப்பு ஆரம்பித்தது. நெஞ்சைச் சுற்றி ஈரத் துண்டைக் கட்டி முறுக்குவது போல இருக்கும். தொண்டையில் மெல்லிய விசில் கேட்கும். அதுவரை எனக்குச் சளிகூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. வேறொருவன் மருத்துவரிடம் போயிருப்பான். நான் ஸ்கேலை எடுத்து நாட்குறிப்பில் புதிதாகக் கோடு போட்டேன். நாள், நேரம், காரணம்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்கள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறின. சாம்பிராணி போனது. கொசுவத்தி போனது. இலவம்பஞ்சுத் தலையணை மாட்டுக்கொட்டகைக்குப் போனது. மிளகாய் கிள்ளித் தாளிக்கக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். நைனா ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, வூட்ல எல்லாருக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். ஒவ்வொரு சந்தேகத்தையும் ஆற அமர யோசிக்க நான் பம்புசெட்டு அறைக்குப் பின்னால் போய், அந்தக் குழாயை நாலு தடவை உறிஞ்சிவிட்டு வருவேன். யோசனை நன்றாக வரும். மூச்சுதான் வராது. அதையும் நேரத்தோடு எழுதிக்கொள்வேன்.

இப்படியே மூன்று மாதம் போனது.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். எங்கள் பக்கத்தில் என் பத்திரக் கூட்டெழுத்துக்காகவும் குரலுக்காகவும் லக்கினப் பத்திரிகையை எழுதி, சபையில் வாசிக்க என்னைக் கூப்பிடுவார்கள். சொந்தத் தங்கைக்கு வேறு யார் வாசிப்பது? எட்டே முக்காலுக்குப் பம்புசெட்டு அறைக்குப் பின்னால் போனேன். பதற்றம் தணிய, அதுவரை திறக்காத லவங்கப்பட்டைப் பாட்டிலைத் திறந்தேன். எட்டு தடவை உறிஞ்சினேன். (எண்ணினேன். எண்ணாமல் நான் எதையும் செய்ததில்லை.)

"நிகழும் மங்களகரமான" என்பது வரை குரல் கணீரென்று வந்தது. பெண் வீட்டார் வம்சத்தைச் சொல்லும் இடத்தில், தாத்தா பெயருக்கும் நைனா பெயருக்கும் நடுவில் மூச்சு நின்றது. வாயைத் திறந்தேன். ஓட்டைச் சைக்கிள் பம்பு அடிக்கிற சத்தம்தான் வெளியே வந்தது. பெண்ணின் வம்சம் பாதியில் விசிலடித்துக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளையின் அத்தை சுகாதார நிலையத்தில் நர்ஸ். முதலில் எழுந்து வந்தவர் அவர்தான். என்னை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சட்டைப் பொத்தான்களைத் தளர்த்தி, "பேசாத தம்பி. மெல்ல மெல்ல விடு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் குரல் உயரவில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அக்கா இந்த எளப்புலதான் போனா. மூச்சுக்குத் துடிக்கிறத இந்தக் கண்ணால பார்த்துகீறேன். ஒங்க வூட்ல இது கீதா? பரம்பரையா வருதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"எங்க வம்சத்துலயே இல்லைம்மா" என்றார் நைனா. "தூசி ஏதோ பட்டிருக்கும்."

அம்மா என்னைக் காப்பாற்ற நினைத்தாள். "ஆமாம்மா, மூணு மாசமாவே இவனுக்குத் தூசி ஒத்துக்கறதில்லை. தெனமும் இப்படித்தான்."

"மூணு மாசமாவா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

உள்ளறை வாசலில் பட்டுப்புடவையோடு நின்றிருந்த கலாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தச் சம்பந்தம் 'இளைப்பு வம்சம்' என்று முறிந்தால், அடுத்து வருகிற வரன்களுக்கும் அந்தச் செய்தி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் சொல் வரவில்லை. அலமாரியைக் கையால் காட்டினேன். கலா நாட்குறிப்பை எடுத்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்துதான் காரணம் வந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்துவிடலாம் என்பது என் கணக்கு.

நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"திங்கள், பதினொண்ணு இருபது. காரணம்: ஸ்டாம்பு மை. செவ்வாய், நாலு மணி. காரணம்: அம்மாவின் மிளகாய். புதன், காரணம்: கத்திரிக்காய். வியாழன், காரணம்: கத்திரிக்காய் (நேற்றையது)."

மாப்பிள்ளை பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நர்ஸம்மா ஒரு பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றார். பிறகு அதையும் வாசித்தார்.

"ஞாயிறு. மானாம்பதி, மாப்பிள்ளை வீடு. காரணம்: மாப்பிள்ளையின் அத்தை தலையில் வைத்திருந்த மருக்கொழுந்து. அளவு அதிகம்."

அன்றும் அவர் தலையில் மருக்கொழுந்துதான். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் நாற்காலியோடு பூமிக்குள் போகத் தயாராக இருந்தேன்.

"அளவு அதிகம்தான்" என்றார். "இருக்கட்டும். இந்த மூணு நாளு எளப்புன்னு ஒண்ணுமே எழுதல, ஏன்?"

"செங்கல்பட்டு போயிருந்தான், வேலையா" என்றாள் அம்மா.

"அங்க தூசி இல்லையா? கத்திரிக்காய் சாப்பிடலையா?" விரல் வரிவரியாக இறங்கியது. "சாப்பிட்டுகீறாரு. ரெண்டு வேளை. மறந்தவைன்னு ஒண்ணு போட்டுகீறாரு. 'சார்ஜர்'. இன்னா சார்ஜர் தம்பி, செல்லுக்கா?" விரல் இன்னொரு வரிக்குப் போனது. "ஆனா மூணு நாளும் காலைல அம்மாகிட்ட செல்லுல பேசினேன்னு போட்டுகீதே."

மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. அந்தக் கொஞ்ச மூச்சையும் நான் பொய்க்குத்தான் செலவு செய்தேன். "ஷேவிங் மிஷின்" என்றேன்.

"மூணு மாசமா மிஷின்ல ஷேவ் பண்ற மூஞ்சா அண்ணா இது?" என்றாள் கலா. குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை.

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு என்னால் மேலே புளுக முடியவில்லை. பையிலிருந்து குழாயை எடுத்துத் தாம்பூலத் தட்டில், மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் வைத்தேன். கை பட்டதோ என்னவோ, அதன் நுனி நீலமாக எரிந்தது.

"இன்னாடா இது, பேனாவா?" என்றார் நைனா.

"சிகரெட்டு, நைனா. கரண்ட் சிகரெட்டு."

"கரண்ட்டுதானா? நெருப்பு வச்சதும் உண்டா?"

"உண்டு."

"எத்தினி நாளா?"

"ஒன்பது வருஷம், நாலு மாசம்." (எனக்கு இதில்கூட உத்தேசமாகச் சொல்ல வராது.)

நைனா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நர்ஸம்மா பாட்டிலையும் கேட்டு வாங்கி லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இந்த முதல் பேரு சில களிம்புலயும் கீது. ஒத்துக்காதவங்களுக்குத் தடிச்சிப் போயிடும். தோலுக்கே அப்படின்னா நெஞ்சுக்குள்ள எப்படியோ, எனக்குத் தெரியாது. பட்டை வாசனை வேற. ஆனா எழுத்து பொய் சொல்லலை. சார்ஜர் இல்லாத நாள்ல எளப்பும் இல்லை." தன் அண்ணியான மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். "அண்ணி, அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லை. இவரு பாக்கெட்டுல கீது."

மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்த குழாயை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "தட்டு மாத்திக்கலாம். முகூர்த்த நாளு மட்டும் இப்ப எழுத வேணாம். நாப்பது நாளு போவட்டும். இவரு அதைத் தொடாம இருந்து, எளப்பும் வராம இருந்தா நாள் குறிக்கலாம்" என்றார். அக்கா மூச்சுக்குத் துடித்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் அதற்கு மேல் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

நேரம் பத்து இருபது. பத்திரிகையில் மீதி பாதி இருந்தது. எனக்குக் குரல் இல்லை. நாட்குறிப்பைத்தான் நான் தனித்தனி எழுத்தாக எழுதுவேன்; பத்திரக் கூட்டெழுத்தை வேறு யாராலும் படிக்கவும் முடியவில்லை. என் பத்திரங்களுக்கு நகல் எடுத்துப் பழகியவள் கலா ஒருத்திதான். கடைசியில் மணப்பெண்ணே சபைக்கு வந்து தன் நிச்சயப் பத்திரிகையைத் தானே வாசித்தாள். நாள் வருகிற இடத்தில் ஒரு நொடி நின்று, தாண்டிப் போனாள். தொழிலில் அதுவரை ஒரு பத்திரத்திலும் நான் வெற்றிடம் விட்டதில்லை. முதல் வெற்றிடம் தங்கையின் கல்யாணத்தில் விழுந்தது.

அவர்கள் வந்த வேனிலேயே நர்ஸம்மா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். டாக்டர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பத்தி நான் படிச்சதில்லை. விட்டுட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்" என்றார். நாற்பது நாள் விட்டுப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. சிகரெட்டுக்கும் திரும்பிப் போக முடியவில்லை. வாரா வாரம் நாட்குறிப்பு பஸ்ஸேறி மானாம்பதிக்குப் போனது. நர்ஸம்மா அதில் சிவப்பு மையால் டிக் போட்டு அனுப்புவார். முதல் வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வாரம் அம்மா மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தாள். காரணப் பத்தி காலியாகவே இருந்தது.

அந்தப் பாட்டில்களில் இருந்தவற்றில் எது என்னைப் படுத்தியது, திரவமா வாசனையா நிக்கோடினா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சலீம் பாயின் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கதை பஜாரில் பரவியபோது சலீம் பாயிடமே குழாய் வாங்கியிருந்த ஒரு வாத்தியார் மெல்ல என் மேசைக்கு வந்தார். "எந்தப் பாட்டில் ரைட்டர்?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு மாதமாக இருமல். சுண்ணாம்புக்கட்டித் தூள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தொழிலுக்குத் தகுந்த காரணம் ஒவ்வொருவருக்கும் தயாராக இருக்கிறது. நான் நாலு பக்கமும் எல்லை எழுதினேன். நடுவில் இருந்த என்னை எழுதவில்லை.

நாற்பத்தோராம் நாள் முகூர்த்தம் குறித்தார்கள். கலா மானாம்பதிக்குப் போனாள்.

அவள் பையனுக்கு ஒன்றரை வயதில், மழைக்காலத்தில், நிஜமாகவே இளைப்பு வந்தது. செய்தி கேட்டு நான் பஸ்ஸில் ஏறியபோது எனக்கு ஒரே நினைப்புதான். 'உங்க வூட்டு சீர்' என்று கலாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது? போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கலாவின் மாமியார் இரண்டு நாளாகக் கண்மூடாமல் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குழந்தையின் தலையணையை மெல்லத் தூக்கி அடியில் தடவினார். அதன் சட்டைப் பையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"சார்ஜர் ஒண்ணும் இல்லியே" என்றார். "அப்போ இது வெறும் மழைச் சளிதான். வாங்க, நாஷ்டா சாப்பிடுங்க."

இரண்டு நாளாக அழுதிருந்த கலா, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

அந்தச் சளியும் இளைப்பும் இரண்டு மழைக்காலத்தில் போய்விட்டன. தலையணையைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த வீட்டில் யார் இருமினாலும் தூக்கிப் பார்க்கிறார்கள். பையனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. தும்மல் வந்தால், யாரும் கேட்பதற்கு முன்னால் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் மூக்கைத் துடைக்கிறான்.