உயிர்க்காற்றுச் சக்கரமும் ஐவர் குழுவும்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தை. இவ்விரண்டாலும் விளைந்த தொல்லைகளை ஆராய்வதற்காக மூன்றாவதாக அவன் கண்டுபிடித்ததுதான் விசாரணைக் குழு. மூன்றிலும் மேலானது அதுவே என்பது என் தாழ்மையான கருத்து. எரிபொருள் சேமிப்பு வாரியத்தின் 'வாகன அதிர்வு மற்றும் திடீர் நிறுத்த ஆய்வுக் குழு'வுக்குச் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எங்கள் வாரியத் தலைவரின் கார் ஓடும்போது நன்றாகவே ஓடியது. நின்றால்தான் வம்பு. சிக்னலில் நின்றதும் எஞ்சின் குளிர்ஜுரம் வந்தவனைப் போல உதறும், இரண்டு முறை இருமும், அணைந்துவிடும். பின்னால் இருப்பவர்கள் வாரியத்தைப் பற்றிய தங்கள் மேலான அபிப்பிராயத்தை ஹாரன் மூலம் தெரிவிப்பார்கள்.

இந்த வியாதி எப்போது வந்தது என்று கேட்பீர்கள். தலைவர் சொந்த மூளையால் கண்டுபிடித்த 'உயிர்க்காற்றுச் சக்கரம்' அந்தக் காரில் பொருத்தப்பட்ட அன்று மாலை வந்தது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் செருகும் தகரச் சக்கரம் அது. உள்ளே போகும் காற்றைச் சுழற்றிவிட்டு பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பது தலைவரின் கொள்கை. நின்றுபோன காருக்குப் பெட்ரோல் செலவே இல்லை என்பதால் கொள்கையில் குற்றம் சொல்ல முடியாது.

காரை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. சட்டை மடிப்புக் கலையாமல் வருவதால் அலுவலகத்தில் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் ஆணை தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கோளாறு ஓட்டுநரால் என்று குழு எழுதிவிட்டால் ஆணை குப்பைக்கூடைக்குப் போய்விடும். இதை என் மனைவி தன் பாணியில் விளக்கினாள்.

"என் தம்பி மேல மட்டும் பழி விழுந்துச்சு, அப்புறம் உங்க சோத்தை உங்க குழுகிட்டயே கேட்டுக்குங்க."

குழுவில் நாங்கள் ஐந்து பேர். கணக்கு அதிகாரி, சட்ட ஆலோசகர், மக்கள் தொடர்பு அதிகாரி, நான், பிறகு ஒரு பொறியாளர். அவர் தண்ணீர்த்தொட்டி கட்டும் பொறியாளர். ஆனாலும் பொறியாளர்.

முதல் கூட்டத்தில் அவர் ஒரு டம்ளர் தண்ணீரை ஓடும் எஞ்சினின் மேல் வைத்து, கண்ணை மூடி, "அதிருது" என்று அறிவித்தார். ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். பேட்டரியை மாற்றினோம். பிளக்குகளை மாற்றினோம். பெட்ரோலை இறக்கிவிட்டு வேறு பெட்ரோல் ஊற்றினோம். சக்கரத்தின் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அதன் மேல் தலைவரின் படம் ஒட்டியிருந்தது. படத்தில் அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பானெட்டைத் திறந்த வேகத்தில் விரலை நீட்டிவிட்டார்.

"இதான் சார். இந்தத் தகரத்தைத் திணிச்சதால குழாய் வாய் சரியா மூடல. இடுக்கு வழியா வேண்டாத காத்து போகுது. வண்டி நிக்கும்போது தாங்காது, அணைஞ்சிடும்."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கார் ஷெட்டின் கூரையைப் பார்த்தோம். அப்படியொரு ஒற்றுமை வேறு எந்தக் குழுவுக்கும் வாய்க்காது.

"அதைத் தவிர?" என்றார் சட்ட ஆலோசகர்.

"அதைத் தவிர ஒண்ணுமில்ல சார்."

"செயலாளரே, எழுதிக்குங்க. மெக்கானிக்கின் கருத்து: ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டேன். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மீண்டும் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

நாட்டிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் உயிர்க்காற்றுச் சக்கரத்தை அர்ப்பணிக்கும் விழா வந்தது. தலைவர் அதே காரில் புறப்பட்டார். நான் முன் இருக்கையில். பெரிய நாற்சந்தியின் நட்டநடுவில் கார் உதறியது, இருமியது, நின்றது. நாலாபுறமும் ஹாரன். தலைவரின் முகம் சிவந்தது.

"என்னய்யா வண்டி ஓட்டற நீ? காலை எங்க வச்சிருக்க?"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான். சக்கரத்தைப் பிடுங்கினான். குழாயை முறையாகச் செருகி முறுக்கினான். திரும்பி வந்து, கரி படிந்த சக்கரத்தைத் தலைவரின் வெள்ளை வேட்டி மேல் வைத்தான்.

"பத்திரமா வச்சுக்குங்க சார்" என்றான். பிறகு என்னிடம் மெதுவாக, "இப்பவாவது சொல்லுங்க மாமா" என்றான்.

எஞ்சின் தாலாட்டுப் போல ஓடியது. அடுத்த சிக்னலில் நின்றோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சாலையோர விளம்பரங்களைக் கவனமாகப் படித்துக்கொண்டு வந்தேன். தலைவர் சரியான நேரத்துக்கு விழாவுக்குப் போய்ச் சேர்ந்து, சக்கரத்தின் மகிமையைப் பற்றி மனமுருகப் பேசினார். வேட்டிக் கறையைத் துண்டால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் குழு தன் இறுதி முடிவை எட்டியது. வரிகள் என்னுடையவை. 'உயிர்க்காற்றுச் சக்கரம் எஞ்சினை முழுமையாகக் குணப்படுத்திவிட்டபடியால், இனி அந்த எஞ்சினுக்குச் சக்கரம் தேவையில்லை.' தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் இத்தனை நாள் கார் நின்றதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே? அனுமதியின்றி வாரியச் சொத்தைப் பிடுங்கிய கை ஒன்று தயாராக இருந்தது. நிரந்தர ஆணை கிழிந்தது; வேலையும் போயிற்று. சொந்த மைத்துனன் என்றும் பாராமல் முதல் கையெழுத்துப் போட்டவன் நான். நடுநிலைமை என்றால் இதுதான்.

வீட்டில் மனைவி கதவருகே நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"கோளாறு எதுலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"மத்த நாலு பேருக்கும்?"

"அவங்களுக்கும்தான்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதைக் கண்டுபிடிக்க எதுக்குங்க அஞ்சு பேரு?"

விவரம் தெரியாதவள். பொறுமையாக விளக்கினேன்.

"கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக் போதும். அதை வெளிய வராம அமுக்கத்தான் அஞ்சு பேரு வேணும்."