அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்த 'மச் லெஸ்'

இதுவரை நான் பிறருக்காக மொழிபெயர்த்தது ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். அதையும் தப்பாக மொழிபெயர்த்தேன். இந்த வெட்கக்கேட்டை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழுந்து மூட்டைகளைச் சரிவிலிருந்து தூக்கிவந்து லோரியில் ஏற்றும் வேலை. நான் எஸ்.பி.எம். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'ஏ' வாங்கியிருந்தேன். எங்கள் லைனில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. (எங்கள் லைனில் மொத்தமே பதினோரு வீடுகள்தான் என்பதை நான் யாருக்கும் நினைவூட்டவில்லை.)

அந்த 'ஏ'யில் முக்கால்வாசி 'மச்' என்ற சொல்லால் கிடைத்தது என்று நம்பினேன். அதிகம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல நம் ஆட்கள் 'வெரி மோர்' என்பார்கள். அது தப்பு. 'மச் மோர்' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் 'மெனி மோர்'. குறைவு என்றால் 'மச் லெஸ்'. இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. தேத்தண்ணியில் சீனி பத்தவில்லை என்று அண்ணன் சொன்னால், "மச் மோர் சுகர்னு கேளு, தரேன்" என்பேன். அம்மா சோறு போட வந்தால் "மச் லெஸ், மச் லெஸ்" என்று தட்டை இழுத்துக்கொள்வேன். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அப்பா மட்டும், "பாரேன், எப்படிப் பேசுது" என்று பூரித்துப் போவார்.

அந்த மழை மாதத்தில் அப்பாவுக்கு மேட்டில் ஏறினாலே நெஞ்சை அடைத்தது. டவுன் கிளினிக்குக்கு நான்தான் அழைத்துப் போனேன். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், மலாயில் பேச்சை ஆரம்பித்தார். அப்பாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. என்னை வெளியே உட்கார வைத்திருந்தால் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசி முடித்திருப்பார்கள். நான் விடவில்லை.

"டாக்டர், யூ கேன் ஸ்பீக் இங்கிலீஷ் டு மீ" என்றேன்.

டாக்டர் சந்தோஷமாக மாறிக்கொண்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். மாத்திரையும், ஒரு வாரம் எம்.சி. என்கிற மருத்துவ லீவும், ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். லீவு முடிந்த பிறகும் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஹி மஸ்ட் நாட் கிளைம்ப் ஸ்டெப்ஸ், மச் லெஸ் கேரி சேக்ஸ்."

மச் லெஸ் என்று காதில் விழுந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோலாலம்பூரில் படித்த டாக்டர், என் சொல்லை என்னிடமே சொல்கிறார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் அப்பா.

"படி ஏறக் கூடாதாம்ப்பா. மூட்டைய ரொம்பக் கொறச்சலா தூக்கணுமாம்."

"அவ்ளோதானா லா? வேலையையே விடச் சொல்லிருவாரோன்னு பயந்துட்டேன்."

அப்பா சிரித்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அப்பா சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அந்த வாக்கியத்தில் 'மச் லெஸ்' அளவைக் குறிக்கவே இல்லை. படியே ஏறக் கூடாது, மூட்டை தூக்குகிற பேச்சே வேண்டாம் என்பதுதான் அர்த்தம். அதே இரண்டு சொல்லுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அப்பா டாக்டர் சொல்லை அப்படியே கடைப்பிடித்தார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்பது படிகள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கோயிலைச் சுற்றிவரும் லோரிப் பாதையில் கால் மணி நேரம் நடந்து வீட்டுக்கு வந்தார். எம்.சி. முடிந்ததும் மலைக்குப் போய் அரை மூட்டையாகத் தூக்கினார்.

கங்காணிக்கே பொறுக்கவில்லை. "என்னாண்ணே, நெஞ்சு வலின்னீங்க, மூட்டை தூக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"டாக்டர் கொறைக்கத்தான் சொன்னாரு. எம் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்லயே சொன்னாரு."

இங்கிலீஷில் சொன்னது என்றதும் கங்காணி மறுபேச்சு பேசவில்லையாம். அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "மூட்டையே வேணாம்னு சொல்லியிருக்கப் போறாரு. நல்லாக் கேட்டியா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். "ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டேன். (இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.)

நாலாம் நாள் அப்பா அரை மூட்டையோடு சரிவில் விழுந்தார். கொழுந்து ஏற்றுகிற லோரியிலேயே கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலில் கிடந்தார், கண் திறந்திருந்தது. அதே டாக்டர், இந்தத் தடவை மலாயில் நேராக அவரிடமே கேட்டார். படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தேனே, மூட்டையை எப்படித் தூக்கினீர்கள் என்றார்.

மலாயில் கேட்டபோது எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் மூச்சு வாங்க மலாயில் சொன்னார்: "என் மகள் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அம்மாவிடமும் அண்ணனிடமும் உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு வார்டிலேயே உட்கார்ந்து தேம்பினேன். நர்ஸ் வந்து அப்பாவிடம் மெல்ல எழுந்து நடந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "படியெல்லாம் ஏற மாட்டேன் லா. மூட்டைன்னா கொஞ்சமாத் தூக்குறேன்" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா ஒன்றரை வருடம் இருந்தார். வேலைக்குத் திரும்பவில்லை.

வார்டில் அப்பா சொன்ன அந்த வாக்கியம் வீட்டில் தங்கிவிட்டது. பாத்திரம் கழுவச் சொன்னால், துணி மடிக்கச் சொன்னால், அண்ணன் அதைத்தான் சொல்வான். அண்ணியும் சொல்லப் பழகிவிட்டார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பாவின் குரல் ஒரு நொடி காதில் கேட்கும். நான் அந்த மூட்டையை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் இன்னும் இருந்திருப்பாரோ என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை.

போன தீபாவளிக்கும் அண்ணன் சொன்னான், எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு அந்த டாக்டர் சொன்ன வார்த்தை என்னாம்மா?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"மச் லெஸ்ம்மா."

அம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"இத்துனூண்டு வார்த்தையா" என்றார்.

ஆமாம் என்றேன்.