மாமா, பிரேக்குல காலை வைக்காதீங்க

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும், வண்டி உட்பட, சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் ஓட்டித் தேய்த்து மகளுக்குக் கொடுத்த பழைய எஸ்.யூ.வி.யைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். எங்கள் தெரு முழுக்கச் சரிவு, பள்ளிக்கூடம் சரிவின் அடியில், பேத்தி தினமும் அதில்தான் போகிறாள், பிரேக் போட்டால் வண்டி நிற்பதற்கு முன் அலறல்தான் வருகிறது. தெருமுனையில் கிரீச்சென்றால் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்போம்.

ஞாயிறன்று உங்கள் மகள், முன்பக்க பிரேக் பேடும் டிஸ்க்கும் நானே மாற்றுகிறேன் என்றாள். என் மகன் வழக்கம்போல "பாத்து, பாத்து" என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். அவளோ வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியை அவிழ்த்துக் கம்பியில் தொங்கவிட்டு, துருவேறி ஒட்டிக்கொண்ட டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தே விட்டாள். "மாமா, உள்ள உக்காந்து ஸ்டீயரிங்கை மட்டும் திருப்புங்க. பிரேக்குல காலை வைக்காதீங்க" என்றாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை ஆயுசு முழுக்க மிதித்தவன் என்பது உங்களுக்கே தெரியும். முதல் தடவையாக நிஜ பிரேக் காலடியில் இருக்கிறது, அந்த நேரம் பார்த்துப் பேத்தியின் பந்து முன்னால் உருள்கிறது, மிதிச்சுட்டேன் சம்பந்தி, மறுபடி மறுபடி மிதிச்சுட்டேன். கவ்விக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் பொத்தென்று வெளியே விழுந்து பிரேக் எண்ணெய் கொட்டியது. சக்கரமே இல்லாத வண்டியை நிறுத்தப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்.

திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "பரவால்ல மாமா, எண்ணெயை எப்படியும் மாத்தணும்" என்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எல்லாவற்றையும் துடைத்துப் பொருத்தி, "இப்ப மிதிங்க, அப்படியே புடிங்க, விடுங்க" என்று என்னை வைத்தே எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றையெல்லாம் வெளியேற்றினாள். நான் மிதித்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பிறகு சரிவில் இறங்கினோம். அடியில் போய் மெல்லக் காலை வைத்தாள். சத்தமே இல்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி வண்டி நின்றது. என் கால் அசையவே இல்லை. இப்படி ஒரு பெண்ணைப் பெற்ற உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆகவே என் பழைய கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன், வண்டி இங்கேயே இருக்கட்டும். சத்தம் கேட்காததால் வீட்டில் யாரும் தட்டு எடுத்து வைக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது உங்கள் மகள் வந்தாள். பின்பக்க பிரேக் அடுத்த ஞாயிறாம். "இந்தத் தடவ நீங்க மாத்துங்க மாமா, நான் உள்ள உக்காந்து மிதிக்கிறேன்" என்கிறாள். சரி என்று தலையாட்டித் தொலைத்துவிட்டேன். தயவுசெய்து சனிக்கிழமைக்குள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகவும்.