விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல்லி மச்சானுக்கு

ஓடைப்பட்டி,
12.6.2003.

மதிப்புக்குரிய மச்சான் மீராமைதீன் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை ஹனீபா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் எல்லோரும் நல்ல சுகம்தானே. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுத வரவில்லை.

பேட்டன்ட் வாங்கச் சொல்லி நான் அனுப்பிய விண்ணப்பத்தை இன்னும் ஆபீசில் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கிழித்துப்போடுங்கள். காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. முப்பது வருசம் தண்ணீர்ப் பரிசோதனை ஆபீசில் பாட்டில் கழுவியவன் நான். ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பழைய ஃபேக்ஸ் மெஷினின் பட்டன் பலகையைப் பிடுங்கி வடிகட்டியோடு இணைத்தேன். பச்சைப் பட்டனை அமுக்கினால் தண்ணீர் வடிதாள் வழியாக இறங்கும், திரையில் முடிவு தமிழில் வரும். 'மூடியைத் திறக்கவும்', 'குடிக்கலாம்', 'குடிக்க வேண்டாம்' என்று மொத்தம் பதினோரு வாசகம். தேனியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் இம்மானுவேல்தான் அவற்றை ஏற்றிக் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வைத்தேன். கம்பத்திலிருந்து மகள் ரிஸ்வானா பத்து நாள் தங்க வந்திருக்கிறாள், தெரியுமல்லவா. திரையில் 'ரிஸ்வானாவுக்குக் கொடுக்க வேண்டாம்' என்று வந்தது. மச்சான், அந்தப் பலகைக்கு என் மகள் பெயர் தெரியாது. தாளை மாற்றி மறுபடி அமுக்கினேன். 'இருவருக்கும் கொடுக்க வேண்டாம்' என்றது. ரெண்டாவது ஆள் யார் என்று கேட்டு உங்கள் தங்கச்சி சுபைதா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதுவே தனிக் கதை. இம்மானுவேலுக்குப் போன் போட்டேன். "சார், அந்த சிப்புல பதினொண்ணுக்கு மேல ஒரு எழுத்துக்குக்கூட எடமில்ல. வேற யாரும் தொட்டாகளா?" என்றார். யாரும் தொடவில்லை.

இதற்குள் ரிஸ்வானாவுக்குத் தலைசுற்றல். சுபைதா ஒரு பாட்டில் தண்ணீரைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய் ஓதி வாங்கிவந்தாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"நம்ம கெணத்துத் தண்ணிதேன். ஹஜ்ரத்து மூணு தடவ ஓதி ஊதிக் குடுத்தாக. இதுலயும் ஒங்க குழாயச் சொருகுவீகளோ?"

ஓதிய தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையில் கொட்டவும் கூடாது. மகளோ டம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள். பயத்தில் வெடுக்கென்று பிடுங்கி, பாட்டிலில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து மொத்தத்தையும் நானே குடித்துவிட்டேன். "அத்தா, ஒங்களுக்கு என்னத்தா ஆச்சு" என்று பிள்ளை அழுதுவிட்டாள். அன்று முதல் எனக்கு வயிறு சரியில்லை, வீட்டில் யாரும் என்னோடு பேசுவதும் இல்லை. பலகையைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். ஆள் பெயர் சொல்லும் மெஷினுக்குச் சர்க்கார் முத்திரை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் பிள்ளைகளுக்கு துஆவும் சொல்லவும். என் வயிற்றுக்கும் சேர்த்து துஆ செய்யவும்.

இப்படிக்கு,
ஹனீபா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் ரெண்டு செய்தி வந்தது. பழைய ஆபீசுக்குக் கொடுத்தனுப்பிய எங்கள் கிணற்றுத் தண்ணீரில், பின்னால் இருக்கும் திராட்சைத் தோட்டத்து மருந்து இறங்கியிருக்கிறதாம். ரிஸ்வானாவை டாக்டரம்மாவிடம் காட்டினோம். நாலு வருசமாகக் காத்திருந்தது, இப்போது ரெண்டு மாதமாம். அவளுக்கே இன்றுதான் தெரியும். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் மச்சான், விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அதில் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். என் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள். யார் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.