தாம்பரம் தந்த தாரகை

மனிதர்களில் நம்மாளுக்காரர் என்றோர் இனம் உண்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ மந்திரியானால் போதும், பேப்பரை மடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நம்மாளு சார். அம்மா வழியில பல்லாவரம்." விண்வெளிக்குப் போனவரா? நம்மாளு. அமெரிக்காவில் ஏதோ போட்டியில் ஜெயித்த குழந்தையா? கேட்கவே வேண்டாம், அதன் மாமா பெருங்களத்தூரில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் காலனியின் நம்மாளுக்காரர் அனந்தகிருஷ்ணன். பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நலச்சங்கச் செயலாளர். இந்தக் கோடையில் அவர் கையில் சிக்கியவர் எல்வீரா டார்மன் என்ற மௌனப்பட நடிகை. செத்து எத்தனையோ காலமாயிற்று, பாவம், தப்பிக்க வழியில்லை. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் நடித்து, வேற்று நாட்டானைக் கட்டிக்கொண்டதால் பிறந்த நாட்டின் குடியுரிமை போய், விவாகரத்தானதும் புருஷன் நாடும் கைகழுவ, பேசும்படம் வந்த பிறகு உச்சரிப்பு சரியில்லை என்று நடித்த நாடும் வெளியே அனுப்ப, கடைசிவரை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். மூன்று நாடுகள் இழுத்தடித்த விஷயத்தை அனந்தகிருஷ்ணன் ஒரே யூடியூப் வீடியோவைப் பார்த்து முடித்துவிட்டார். அந்தம்மாவின் அப்பா ரயில்வே எஞ்சினியராம். ஒரு கோடை முழுக்கக் குழந்தையோடு தாம்பரத்தில் தங்கினாராம்.

"அதுக்காக நம்ம ஊரா சார்? தமிழே தெரியாதே" என்றேன்.

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? படத்துல பேசவே இல்லையே. அப்புறம் பேச வந்தப்போ உச்சரிப்பு சரியில்லன்னுட்டானே, ஏன்? தாம்பரம் வாடை அடிச்சிருக்கும்."

அன்றைக்கே அந்தம்மாவுக்குச் சங்கத்தில் விழா என்று அறிவித்தார். விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டு பியூலா டீச்சர் அவரிடம் வந்தார். காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். ஆனால் வாடகை வீடு. சங்க உறுப்பினர்கள் குடியிருக்கும் வீடுகளின் தொட்டி நிரம்பி, மிச்சமிருந்தால்தான் லாரித் தண்ணீர் வாடகை வீட்டுக்கு. சித்திரை வெயிலில் மிச்சம் ஏது? படுத்த படுக்கையாக மாமியாரை வைத்துக்கொண்டு குடமும் கையுமாக அலைந்து ஓய்ந்து, தன்னையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொன்னார்.

"சொந்த ஊர் எது மேடம்?"

"இதே தெருதான் சார். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து."

"அது சரி. சொந்த ஊர்?"

"நாசரேத்."

"அதான் பாத்தேன். வெளியூர்க்காரங்களச் சேக்க சங்க விதியில, பைலால இடமில்ல."

டீச்சர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஆஸ்திரேலியப் பிரஜை. அவர் ஆயுள் உறுப்பினர்.

ஞாயிறு சாயந்திரம் விழா. மொட்டைமாடியில் திரை, 'தாம்பரம் தந்த தாரகை' என்று பேனர், ஆளுக்கொரு சமோசா. செயலாளர் பேசி முடித்ததும் டீச்சர் எழுந்தார்.

"சார், அந்தம்மா இங்க சொந்த வீட்லயா இருந்தாங்க?"

"இல்ல மேடம், ரயில்வே குவார்ட்டர்ஸ்."

"ஒரே ஒரு கோடை. சொந்த வீடும் இல்ல. ஆனா சேத்துக்கிட்டீங்க. செத்துப்போனவங்க தண்ணி கேக்க மாட்டாங்கல்ல. நான் உயிரோட இருக்கேன் சார், எனக்குத் தண்ணி வேணும்."

 எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. அடித்தேனா என்று கேட்காதீர்கள், வாயில் சமோசா.

செயலாளர் மனமிரங்கி டீச்சரைச் சேர்த்துக்கொண்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நம்மாளுக்காரரை நீங்கள் அறியவில்லை. மறுநாள் காலை பேனர் இறங்கியது. "நல்லா விசாரிச்சுட்டேன் சார். அந்தம்மா வெளியூர்தான்" என்றார். மூன்று நாடுகள் கைவிட்ட எல்வீரா டார்மனைத் தாம்பரமும் கைவிட்டது. டீச்சர் குடத்தோடு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறதல்லவா? அவர்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது?