மேலாளர் பக்கத்து மெத்தைக்கு மூண்ட பெரும்போர்

வாழ்க மா சங்-ரோக்! சியோல் மாநகரின் வடகோடிப் பல்கலைக்கழகத்து நான்காம் ஆண்டுச் சிங்கம், ஆற்றல்-வள மாணவர் மன்றத்தின் மூத்த தளபதி, நேர்முகத் தேர்வுக் களங்கள் பல கண்டு களந்தோறும் தோற்று மீண்ட விழுப்புண் மார்பன், இரவல் கோட்டணிந்த ஏந்தல் வாழ்க! நாமகளே, என் நாவில் வந்து உட்கார். இவன் பட்ட பாட்டைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அவன் சார்ந்த மன்றமோ, நிலக்கரியைக் கையால் தொட்டறியாதோரும், எரிவாயுவை அடுப்பில் மட்டுமே கண்டோரும், எண்ணெய்க் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அங்கே சம்பளம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்போரும் ஒருங்கே கூடி, உலகத்து விளக்குகள் அணையாமல் காக்கும் பொறுப்பைத் தாமாகவே தோளில் தூக்கிக்கொண்ட வீரர் பேரவை. அப்பேரவையின் தலைவன் ஒரு பெரிய எரிவாயு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, "எங்க விருந்துக்கு உங்க ஜாவொன் துறை மேலாளர் வரணும்!" என்று முழங்கினான். ஜாவொன் என்றால் வளம். மேலாளர் தோ வருகிறார் என்று மறுமுனை வாக்களித்தது.

விருந்தினர் பக்கத்தில் அமர்ந்து இரு கையாலும் அவருக்கு மது ஊற்றுகிறவன் முகம்தான், ஆள் எடுக்கும் நாளில் அவருக்கு ஞாபகம் வரும். சங்-ரோக்குக்கு இதுவே கடைசிப் பருவம். 'வேலை கிடைச்சுதா?' என்று கேட்கும் அத்தைமாருக்கு அஞ்சி அறுவடைத் திருநாளுக்குக்கூட ஊர்ப்பக்கம் போகாதவன் அவன். பாவம், அந்த இடம் அவனுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது.

பன்றிக்கறி வாட்டும் கடை போர்க்களமாயிற்று. உட்சுவர் ஓரம் மேலாளர் தோ எழுந்தருள, அவர் அருகே தரையில் உட்காரும் ஒரேயொரு மெத்தை வெறுமையாய்க் கிடக்க, வாசற்படியில் இரு படைகள் எதிர்ப்பட்டன. ஒருபுறம் நம் நாயகன். மறுபுறம் மூன்றாம் ஆண்டுப் பெண்புலி குக் யே-ரின். அந்தோ விதியே! காலணி கழற்றாமல் தரையேற முடியாத அக்கடைக்கு, நாயகன் நாடா வைத்த பளபளப்பு ஷூவோடு வந்திருந்தான். அவளோ நாடா இல்லாத காலணியை இரண்டே உதறலில் எறிந்து, மெத்தையின் மேல் மலர்ந்து அமர்ந்தாள்.

"என்ன அண்ணே, முடிச்சு அவுக்க ஆள் அனுப்பவா?"

குனிந்திருந்த கோமான் நிமிர்ந்தான். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பிரம்மாஸ்திரத்தை, ஓராண்டு முன்னால் பிறந்து ஓராண்டு முன்னால் கல்லூரியில் சேர்ந்ததால் மட்டுமே கிடைத்த அந்தப் பேராயுதத்தை, சற்றும் கூசாமல் எடுத்து விட்டான்.

"யே-ரின்! ஜூனியர் நீ உட்கார்ந்துட்டா தண்ணி யாரு வைக்கிறது? ஸ்பூன் யாரு போடுறது? சார் பார்த்துக்கிட்டிருக்காரு!"

மரபு என்னும் மலை தலைமேல் விழ, யே-ரின் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அக்கணமே சங்-ரோக் நாடாவை அறுத்து, காலை உருவி, மேசை இரண்டைத் தாண்டிப் பாய்ந்து மெத்தையைக் கைப்பற்றினான். இதற்குப் பெயர் வீரமென்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வென்றவன் சும்மா இருந்தானா? கறியைத் திருப்பினான், கத்தரித்தான், கிண்ணம் நிறைத்தான். பின் மண்டியிட்டு, கடைமுழுதும் கேட்க முழங்கினான்:

"மலையோ கடலோ, கல்லோ கரியோ, நீங்க கை காட்டுற இடத்துக்கு நான் வரேன் சார்! சம்பளமெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்!"

மேலாளர் கண் கலங்கிவிட்டார். "தம்பி, எத்தனையோ காலேஜ் ஏறி இறங்கிட்டேன், ஒரு பய இப்படிச் சொன்னதில்ல. மலைதான் தம்பி! கரியேதான்! சம்பளம் சுத்தமா கிடையாது!"

இவ்வூர் மொழியில் வளத்துக்கும் ஜாவொன், கூலியின்றித் தானே முன்வந்து உழைப்பதற்கும் அதே ஜாவொன். அன்று நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்தவள் இரண்டாவதைப் புரிந்துகொண்டாள். தன் எரிவாயுக் குழாயை எட்டவிடாத குன்றுக் குடிசைகளுக்குக் குளிர்காலந்தோறும் கரிக்கட்டிகளைச் சுமந்து கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அந்நிறுவனத்தின் தொண்டுத் துறைக்குத் தலைவர், இந்த தோ.

"அப்போ... ஆள் எடுக்கிறது சார்?"

"அது வேற மாடி தம்பி. அவங்கள்ல ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

வாசலோரத்திலிருந்து தேன்குரல் ஒன்று எழுந்தது. "அண்ணே, தண்ணி ஊத்தட்டுமா?"

அந்தோ! திசையெட்டும் திகைக்க, மன்றத்து மறவர் யாவரும் தத்தம் சோற்றுக் கிண்ணத்துள் முகம் புதைக்க, வென்ற மெத்தையே சிறையாகி, சொன்ன சொல்லே விலங்காகி, அம்பறாத்தூணியில் மறுப்பென்னும் அம்பொன்றும் மிச்சமில்லாத மாவீரன், இரு கையாலும் மறுகிண்ணம் நிறைத்து, மணிமுடி தாழ்த்தினான்.

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போய், மத்தியானம் வரை கரி சுமந்தான்.