கத்தரிக்காய்க்குச் சிவப்பு அட்டை

இனி இந்த வீட்டுக்குள் கத்தரிக்காய் நுழையாது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். வாரத்தில் நாலு நாள் கத்தரிக்காய். வதக்கியது, வேகவைத்தது, சுட்டது, மசித்தது. நாலும் என் நாக்குக்கு ஒன்றுதான். வழவழ. பிடிக்கவில்லை என்று முதல் வருஷமே சொன்னேன். "பழகிடும்" என்றாள் மனைவி. இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. அது எனக்கே தெரியும். பம்பு தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். அங்கே எல்லாம் அட்டைதான். தேறிய சரக்குக்குப் பச்சை அட்டை. தேறாததற்குச் சிவப்பு. சந்தேகம் என்றால் மஞ்சள்: முடிவு தெரியும்வரை பூட்டி வை, யாரும் தொடக்கூடாது. மஞ்சளுக்குக் காலக்கெடு கிடையாது. ஒரு வால்வு பதினோரு வருஷம் மஞ்சள் அட்டையோடு அலமாரியில் கிடந்தது. நான் கட்டியதுதான். வீட்டில் இதைப் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு விதி உண்டு. ஒரு பீஸில் கோளாறு என்றால் அதோடு வந்த மொத்த லாட்டுக்கும் சிவப்பு. கட்டிய சிவப்பைக் கழற்ற வேண்டுமானால் அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று சோதனைக்காரர், இன்னொன்று சரக்கைப் பூட்டி வைக்கும் ஸ்டோர்காரர்.

ஓய்வு பெற்ற அன்று மிச்சமிருந்த அட்டைக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நிறத்திலும் முன்பக்கம் என் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. சரக்கு வரவர ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட எவனுக்குப் பொறுமை? மொத்தமாகப் போட்டு வைத்துவிட்டால், அப்புறம் பெயரும் காரணமும் எழுதினால் போதும்.

கத்தரிக்காய்க்கு எதிரான காரணம், உருளைக்கிழங்கு வடிவத்தில் வந்தது.

ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிப் போட்டிருந்தேன். வறுத்துக் கொடுத்தால் மூன்று வேளையும் சாப்பிடுவேன். மாடிப்படிக்குக் கீழே இருட்டில் சாக்குப் போட்டு மூடி வைக்கச் சொன்னாள் மனைவி. காற்றோட்டம் வேண்டாமா? பழைய இரும்புச் சட்டத்தில் நானே ஒரு தட்டு அடித்து, சமையலறை ஜன்னலோரம் நிறுத்தினேன். நல்ல காற்று. நல்ல வெயில். மூன்று வாரத்தில் பாதிக் கிழங்கு பச்சையாகி, கொம்பு கொம்பாக முளைவிட்டு நின்றது.

அந்தத் திங்கட்கிழமை அவள் அவற்றைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தோலைச் சீவினா சரியாப் போயிடும்" என்றேன்.

"போகாது. இவ்வளவு பச்சையானா கசக்கும். வயித்தைப் புரட்டும். வேகவச்சாலும் அந்த விஷம் முழுசாப் போகாதாம். பேப்பர்லயே போட்டிருக்கான், படிங்க."

படித்தேன். வெளிச்சம் பட்டால் கிழங்கில் சோலனைன் என்று ஒரு விஷம் ஏறுமாம். செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பதாம். அதற்குக் கீழே ஒரு வரி. உருளை, தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் ஒரே குடும்பம்.

கத்தரி என்ற இடத்தில் கண் நின்றது. மடியிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை பொடி போட்டேன். யோசனை வந்தால் எனக்கு மூக்குப்பொடி வேண்டும். இந்தப் பொடியை நிறுத்த அவள் செய்யாத முயற்சி இல்லை. என் கைக்குட்டையைக் குச்சியால் தூக்கித்தான் துவைக்கப் போடுவாள். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வீட்டில் நான் தோற்காத ஒரே களம் அந்த டப்பா.

தும்மிவிட்டுச் சொன்னேன். "கத்தரிக்காயும் விஷம். இன்னையிலருந்து கிடையாது."

"யார் சொன்னா?"

"பேப்பர் சொல்லுது. ஒரே குடும்பம். ஒரு பீஸ் கெட்டா மொத்த லாட்டும் வெளியே."

"உங்க தம்பி கூடத்தான் சரியில்லாத பீஸு. அதுக்காக உங்களை நான் திருப்பி அனுப்பினேனா?"

சில கேள்விகளுக்குக் காது கேட்காதது வயதானவனுக்கு ஒரு சௌகரியம்.

"வேணும்னா உன் தங்கச்சியைக் கேளு. தாவரவியல் டீச்சர்தானே" என்றேன்.

கேட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு பால் கணக்கு நோட்டின் பின்னால் என்னவோ எழுதினாள். வைத்துவிட்டு வந்தாள்.

"கத்தரிக்காயிலயும் பழுத்த தக்காளியிலயும் இருக்கறது கடுகளவாம். ஒண்ணும் பண்ணாதாம். பச்சையாப் போன உருளையைத்தான் தூக்கிப் போடணுமாம்."

"கடுகளவா இருந்தாலும் விஷம் விஷம்தான்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"அப்போ குடும்பம் மொத்தமும் போகணும். தக்காளி, மிளகாய், நல்ல உருளைக்கிழங்கு கூட. உங்க ரூல்தானே?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சோதனைக்காரன் சொந்த விதியை மீறலாமா? நாலு சிவப்பு அட்டை எடுத்தேன். நாலு கூடையிலும் கட்டினேன். உருளைக் கூடையில் மட்டும் முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டேன்.

"லிஸ்ட்ல இன்னொண்ணு இருக்கு" என்றாள். "அது சமையல்கட்டுல இல்ல. அப்புறம் பாத்துக்கலாம்."

தோட்டத்தில் ஏதாவது செடியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுரைக்காய். தக்காளி இல்லை, மிளகாய் இல்லை. உப்பும் மிளகும். மருந்து சாப்பிடுவதுபோல் சாப்பிட்டேன். புதன்கிழமையும் சுரைக்காய். வியாழக்கிழமை ஒரு மாறுதலுக்காகச் சுரைக்காயை நீளவாக்கில் வெட்டியிருந்தாள்.

"நல்லா இருக்கா?"

"கத்தரிக்காயை விட நல்லா இருக்கு" என்றேன். பொய்க்கும் ஒரு வீரம் வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் சுரைக்காய். வீரம் தீர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து உருளைக்கிழங்கு வறுபடும் வாசனை வந்தது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"உருளைக்கும் மிளகாய்க்கும் மட்டும் மறுசோதனை பண்ணிட்டேன். தேறிடுச்சு. பின்னால ஒரு கையெழுத்துப் போடு."

"நான் எதுக்கு?"

"நீதானே ஸ்டோர்."

"ஸ்டோர் போடாது. கடுகளவும் விஷம்தானே?"

திரும்பி வந்தேன். யோசிக்க வேண்டும். மடியில் கைவிட்டேன். டப்பா இல்லை. தலையணைக்குக் கீழே இல்லை. கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் இல்லை.

சாப்பாட்டு மேஜையின் நடுவில் இருந்தது. கழுத்தில் சிவப்பு அட்டை. அவள் எழுத்தில்: 'பொருள்: புகையிலை. காரணம்: கத்தரிக்காய்க் குடும்பம்.' கீழே சோதனைக்காரர் கையெழுத்து. என்னுடையது. முப்பத்துநாலு வருஷம் மாறாத அதே சுழி.

"இதென்ன அநியாயம்" என்றேன்.

"தங்கச்சி சொன்ன லிஸ்ட்ல கடைசி இதுதான். புகையிலையும் அதே குடும்பம்தானாம். அதுல இருக்கற நிகோடின் விஷம் கடுகளவு இல்லையாம், நல்லாவே இருக்காம். சந்தேகம்னா நீங்களே கேளுங்க."

"நான் போடறது ஒரு சிட்டிகை."

"சிட்டிகையா இருந்தாலும் விஷம் விஷம்தான். கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். இல்லை என்று சொன்னால் இதுவரை அனுப்பிய அத்தனை பம்பும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தேன். மூக்கு காய்ந்தது. தலை வலித்தது. தும்மல் கூட வரவில்லை. ஐந்து மணிக்குச் சமையலறை வாசலில் நின்றேன்.

"சரி, என்ன வேணும் உனக்கு?"

"எனக்கென்ன வேணும். நீங்க கட்டினது, நீங்களே கழட்டுங்க. கத்தரிக்காய்லருந்து ஆரம்பிங்க."

"டப்பா?"

"அதோட சிவப்பையும் கழட்டிடலாம். ஸ்டோர் வாக்குக் குடுத்தா மாறாது."

ஐந்து அட்டை. பின்பக்கம் ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள், நிதானமாக, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் படித்துவிட்டு. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய். தக்காளியும் மிளகாயும் போட்டு வதக்கியது. நாலு நாள் சுரைக்காய்க்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். அவ்வளவுதான்.

கை கழுவிவிட்டு டப்பாவைத் தேடினேன். அவளுடைய அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தெரிந்தது. சிவப்பு அட்டை இல்லை. வாக்கு தவறவில்லை. அலமாரி பூட்டியிருந்தது. டப்பாவின் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. அதிலும் என் கையெழுத்து.

"இது எத்தனை நாளைக்கு?" என்றேன்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்த வால்வு எத்தனை வருஷம் கிடந்துச்சுன்னு சொன்னீங்க?"